மணமான பின் காதல்: ஆய்வுக்கூடமும் அகத்திணையும்

திருக்குறளின் காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். பரிமேலழகர் வகுப்பின்படி அவற்றில் களவியலுக்கு 7, கற்பியலுக்கு 18. இருவர் கண்டு மயங்கிக் கூடும் கதை 70 குறளில் முடிந்துவிடுகிறது. கைப்பிடித்த பிறகு வரும் பிரிவும் ஏக்கமும் ஊடலும் கூடலும் 180 குறளுக்கு நீள்கின்றன. நம் திரைப்படங்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டன. தாலி ஏறியதும் படம் முடிகிறது. அதற்குப் பிறகு அந்த இருவரும் ஆசையோடு வாழ்ந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. வீடுகளிலும் இதே நிலைதான். “பிள்ளைங்க வளந்தாச்சு, இன்னும் என்ன?” என்ற பேச்சு நாற்பதைத் தொடாதவர்களின் காதிலேயே விழத் தொடங்கிவிடுகிறது.

மணமானபின் காதல் தேய்வது இயற்கை, அதன் இடத்தில் பாசமும் பொறுப்பும் வந்து அமரும் என்பது நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட கருத்து. உளவியல் அறிஞர்களில் பலரும் நெடுங்காலம் ஏறத்தாழ இதையே சொன்னார்கள். கடந்த முப்பது, நாற்பது ஆண்டு ஆய்வுகள் இதைத் திருத்தியிருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் படிக்கும்போது எனக்குத் தெளிவாவது இது: கணவன் மனைவிக்கிடையே ஆசை மங்குவதற்கு வயதையும் பழக்கத்தையும் குற்றம் சொல்கிறோம், ஆனால் கவனிப்பு இல்லாமையும் களைப்புமே அதைப் பெரிதும் அழிக்கின்றன. நம் வீடுகளில் அந்தக் களைப்பு பெரும்பாலும் மனைவியின் தோளிலேயே ஏறியிருக்கிறது.

முதலில், நீண்ட காலக் காதல் உண்மையிலேயே இருக்கிறதா? அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஓலியரியும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மணமாகிப் பத்தாண்டுகளுக்கு மேலான 274 பேரைக் கேட்டார்கள். தானாக முன்வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், நாடு முழுவதிலிருந்தும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். துணைமேல் உங்களுக்குள்ள காதல் எவ்வளவு தீவிரமானது என்ற கேள்விக்கு, இருப்பதிலேயே மிக உயர்ந்த அளவைத் தேர்ந்தவர்கள் 40 விழுக்காடு. இதில் ஒரு பங்கு பெருமைக்காகச் சொல்லப்பட்டது என்று கழித்துக்கொண்டாலும், மீதியை அபூர்வம் என்று ஒதுக்க முடியாது.

வாய்ச்சொல்லை நம்பாதவர்களுக்கு மூளைப் படம் இருக்கிறது. பியாங்கா அசெவெடோ, ஆர்தர் ஏரன், ஹெலன் ஃபிஷர், லூசி பிரவுன் ஆகியோர், மணமாகிச் சராசரியாக 21 ஆண்டுகள் ஆகியும் துணைமேல் தீராக் காதல் கொண்டிருப்பதாகச் சொன்ன 17 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, கணவர் அல்லது மனைவியின் படத்தைக் காட்டினார்கள். புதிதாகக் காதலில் விழுந்தவர்களின் மூளையில் எந்தப் பகுதி விழித்துக்கொள்கிறதோ, அதே டோபமைன் பகுதி இவர்களிடமும் விழித்துக்கொண்டது. வேண்டும், நாட வேண்டும் என்ற உந்துதலைக் கிளப்பும் இடம் அது. பற்றுக்கும் அமைதிக்கும் உரிய பகுதிகளும் சேர்ந்து இயங்கின. இந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. 17 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதிலும் காதலோடு இருப்பவர்களாகப் பார்த்துப் பொறுக்கப்பட்டவர்கள். இது எல்லாருக்கும் நடக்கும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. நடக்க முடியாது என்ற வாதத்தை மட்டும் உடைத்தது. என் பார்வையில் அதுவே பெரிய காரியம். அசெவெடோவும் ஏரனும் 2009இல் வெளியிட்ட திறனாய்வு, இன்னொரு நுட்பத்தையும் பிரித்துக் காட்டியிருந்தது. தொடக்கக் காதலில் இரண்டு இழைகள் இருக்கின்றன: ஈர்ப்பு ஒன்று, ‘நம்மை விட்டுப் போய்விடுவாரோ’ என்ற பதற்றம் மற்றொன்று. நீண்ட மணவாழ்வில் பதற்றம் விலகியும் ஈர்ப்பு நிலைக்க முடியும். தூக்கம் போனால்தான் காதல் என்று நம்பியவர்கள், தூக்கம் திரும்பியதும் காதல் போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் சிலரிடம் நிலைப்பது ஏன் பலரிடம் நிலைப்பதில்லை? ஆர்தர் ஏரனும் அவருடைய மனைவி எலைன் ஏரனும் 1986இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மனிதருக்குத் தன்னை விரித்துக்கொள்ளும் வேட்கை உண்டு. புதியவர் ஒருவரை நெருங்கும்போது அவருடைய ஊர், அவருடைய ரசனை, அவருடைய திறமை, அவர் உலகைப் பார்க்கும் விதம் எல்லாம் நமக்குள் வந்து சேர்கின்றன. அந்த வேகமே காதலின் கிளர்ச்சி. சில ஆண்டுகளில் பெற வேண்டியதைப் பெற்றுவிட்டோம் என்று தோன்றும்போது விரிவு நிற்கிறது, கிளர்ச்சியும் நிற்கிறது. எனவே இருவரும் சேர்ந்து புதியதொன்றுக்குள் நுழைந்தால் விரிவு மறுபடி தொடங்க வேண்டும். இது ஊகம்தான், அவர்கள் அதைச் சோதித்தும் பார்த்தார்கள்.

சோதனை விசித்திரமானது. தம்பதியரை ஓர் அறைக்குள் அழைத்து, ஒருவரின் மணிக்கட்டையும் கணுக்காலையும் மற்றவரோடு பட்டையால் பிணைத்தார்கள். ஒன்பது மீட்டர் நீளமுள்ள உடற்பயிற்சி மெத்தைமேல் இருவரும் தவழ்ந்து போய்த் திரும்ப வேண்டும். நடுவில் சுருட்டிய மெத்தை ஒன்று தடையாகக் கிடக்கும். அதன்மேல் ஏறித் தாண்ட வேண்டும். இருவர் உடலுக்கும் நடுவே ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு, கையும் பல்லும் படாமல், கீழே விழாமல் கொண்டுபோக வேண்டும். நேரக் கணக்கும் உண்டு. வேறு சில தம்பதியருக்கு அதே மெத்தைமேல் மெதுவாகப் பந்து உருட்டும் சலிப்பான வேலை. முன்னும் பின்னும் கேட்ட கேள்விகளில், தவழ்ந்து சிரித்துக் களைத்தவர்களின் உறவு நிறைவு மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. 2000இல் வெளியான ஆய்வு இது. அதற்கு முன்பே, 1993இல், 53 தம்பதியரை வைத்துப் பத்து வாரங்களுக்கு ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினர் வாரம் ஒன்றரை மணிநேரம் தங்களுக்குக் கிளர்ச்சி தரும் செயலில் ஈடுபட்டார்கள். இன்னொரு பிரிவினர் இதமான, பழகிய செயலில். மணவாழ்வு நிறைவு கூடியது கிளர்ச்சிப் பிரிவில். இதமாக நேரம் கழிப்பது மட்டும் போதவில்லை.

சலிப்பைச் சிறிய குறை என்று நாம் சகித்துக்கொள்கிறோம். “சண்டை சச்சரவு இல்லாம போகுது, அதுவே போதும்” என்கிறோம். மிச்சிகன் மாநிலத்தில் 123 தம்பதியரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. மணமான ஏழாவது ஆண்டில் ‘வாழ்க்கை ஒரே தடத்தில் போகிறது’ என்று உணர்ந்தவர்கள், பதினாறாவது ஆண்டில் மணவாழ்வில் நிறைவு குறைந்தவர்களாக இருந்தார்கள். இடையில் நெருக்கம் குறைந்ததே இதற்குப் பெரும் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். சண்டை இல்லாத வீட்டிலும் இழப்பு நடந்துகொண்டிருக்கலாம்.

புதுமை என்றதும் கொடைக்கானல் பயணமும் மெழுகுவத்தி விருந்தும் நினைவுக்கு வந்தால் அது விளம்பரங்களின் வேலை. ஏரன் சொல்லும் விரிவுக்குப் பணம் பெரிதாகத் தேவையில்லை. இருவருக்குமே தெரியாத ஒன்றைச் சேர்ந்து கற்பது போதும். ஐம்பது வயதில் நீச்சல், இருவரும் சேர்ந்து பறை வகுப்பு, இதுவரை இறங்காத ஒரு பேருந்து நிறுத்தத்தில் இறங்கி அந்த ஊர்க் கோயிலையும் குளத்தையும் பார்த்து வருவது, மனைவி கணவனுக்குத் தையலும் கணவன் மனைவிக்கு ஸ்கூட்டரும் கற்றுத் தருவது. இருவரும் கொஞ்சம் தடுமாற வேண்டும். அந்தத் தடுமாற்றத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏமி மியூஸ் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதை உடல் ஆசையோடும் நேரடியாக இணைத்தது. சேர்ந்து புதிதாக ஏதேனும் செய்த நாள்களில் தம்பதியருக்கு ஒருவர்மேல் ஒருவருக்குள்ள வேட்கை கூடியிருந்தது. கூடும் வாய்ப்பும் கூடியிருந்தது.

எஸ்தர் பெரல் என்ற உளச்சிகிச்சையாளர் வேறு வழியாக இதே இடத்துக்கு வருகிறார். துணைமேல் எப்போது அதிகம் ஈர்ப்பு வருகிறது என்று பல நாட்டவரையும் அவர் கேட்டிருக்கிறார். திரும்பத் திரும்ப வந்த விடைகளில் ஒன்று, அவர் தம் வேலையில் முழுதாக ஆழ்ந்திருப்பதைச் சற்று விலகி நின்று பார்க்கும்போது என்பது. இது எனக்கு மிகவும் உண்மையாகப் படுகிறது. மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் நிமிர்ந்து நின்று கணக்கு வாசிக்கும் பெண்ணை, அழைத்துப்போக வந்த கணவன் வாசலில் நின்று பார்க்கிறான். வீட்டில் ரேஷன் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும் அதே பெண்தான். ஆனால் அவன் அறியாத ஒரு பகுதி அவளிடம் இருக்கிறது. இவருக்கென்று ஓர் உலகம் உண்டு என்ற அறிவு ஆசைக்கு இடம் தருகிறது. மனைவியின் உலகத்தை அடுப்படி அளவுக்குச் சுருக்கிவிட்டு, அவளிடம் பேச ஒன்றுமில்லை என்று குறைபடும் கணவன் தன் ஆசைக்குத் தானே குழி தோண்டுகிறான்.

புதுமையைவிட அன்றாடக் கவனம் பெரிது என்று சொல்பவர் ஜான் காட்மன். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு வீடு போலவே ஆய்வுக்கூடத்தை அமைத்து, புதுமணத் தம்பதியரை அங்கே தங்கவைத்துப் படம் பிடித்தார். பெரிய வாக்குவாதங்களைவிடச் சின்னச் சின்ன அழைப்புகளை அவர் உற்றுப் பார்த்தார். “ஏங்க, இங்க வாங்களேன், மல்லி மொட்டு விட்டிருக்கு” என்று மனைவி கூப்பிடுகிறாள். கணவன் எழுந்து வரலாம். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘ம்’ கொட்டலாம். “இப்ப அது ரொம்ப முக்கியமா” என்று சீறலாம். ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்தவர்கள் அந்த அழைப்புகளில் 86 விழுக்காட்டுக்குச் செவிசாய்த்தவர்கள். பிரிந்துபோனவர்களிடம் அது 33 விழுக்காடாக இருந்தது. செவிசாய்த்ததால் சேர்ந்திருந்தார்களா, சேர்ந்திருக்கும் மனம் இருந்ததால் செவிசாய்த்தார்களா என்பதை இந்த எண்கள் மட்டும் முடிவுசெய்யாது. ஆனாலும் அந்த இடைவெளியைப் பார்த்த பிறகு ‘ம்’ என்ற ஒலியை நான் அற்பமாக எண்ணுவதில்லை.

ஷெல்லி கேபிள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. துன்பத்தில் தோள் கொடுப்பதே அன்பின் அளவுகோல் என்று நாம் நினைக்கிறோம். அவர் கண்டதோ, துணைவரின் நல்ல செய்திக்கு ஒருவர் எப்படி முகம் மலர்கிறார் என்பது உறவின் நலத்தை இன்னும் நன்றாகக் காட்டுகிறது. “ஆபீஸ்ல என்னைப் பாராட்டினாங்க” என்று சொல்லிக்கொண்டு வருபவரை “அப்படியா! யாரு, என்ன சொன்னாங்க? முதல்லேர்ந்து சொல்லு” என்று கேட்பது ஒன்று, “சரி, பையனுக்கு டியூஷன் பீஸ் கட்டியாச்சா?” என்று கடப்பது வேறு.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாட்டை இந்த ஆய்வுகளோடு சேர்த்து வைத்துப் படிக்கலாம். மணமான மகளின் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் தான் கண்டதைச் சொல்கிறாள். மகள் தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய சேலையிலேயே துடைத்துக்கொண்டு, கண்ணில் தாளிப்புப் புகை படியத் தானே சமைக்கிறாள். கணவன் உண்டுவிட்டு, நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகத்தில் மிக நுண்ணிய ஒரு மகிழ்ச்சி தோன்றி மறைகிறது. பாட்டு அவ்வளவுதான். ஓர் அழைப்பும் அதற்கு ஒரு செவிசாய்ப்பும், அதைக் கண்டு மகிழ ஒரு மூன்றாவது கண்ணும். காட்மன் ஒளிப்பதிவுக் கருவியால் தேடியதைச் சங்கப் புலவர் கண்ணால் பிடித்திருக்கிறார். ஆனால் இந்தப் பாட்டை இன்று வாசிக்கும்போது அந்தப் புகையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவளுக்கு ஒரு சொல் கிடைத்தது. அவனுக்குச் சோறு கிடைத்தது.

இங்கேதான் பட்டிமன்றங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றைத் தொட வேண்டியிருக்கிறது. காதல் திருமணத்தில் ஆசை ஆறிப்போகும், பெரியவர்கள் பார்த்துவைத்த திருமணத்தில் மெல்ல வளரும் என்று பேசுவோர் ஆய்வு ஆதாரமாகக் காட்டுவது, உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் ஜெய்ப்பூரில் செய்து 1982இல் வெளியிட்ட சிறிய ஆய்வு. 50 தம்பதியர். ஒரே தம்பதியரைப் பத்தாண்டு பின்தொடரவில்லை. வெவ்வேறு கால அளவு வாழ்ந்த வெவ்வேறு தம்பதியரை ஒரே நேரத்தில் கேட்டு ஒப்பிட்டார்கள். இதிலிருந்து ‘வளர்ந்தது’ என்று சொல்லிவிட முடியாது. பமேலா ரீகன் குழுவினர் 2012இல் அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினர் 58 பேரிடம் கேட்டபோது, இரு வகைத் திருமணங்களுக்கும் இடையே காதலிலோ நிறைவிலோ வேறுபாடு தெரியவில்லை. அதுவும் சிறிய ஆய்வுதான். ஆனாலும் திருமணம் எப்படித் தொடங்கியது என்ற விவாதத்தில் நாம் செலவழிக்கும் சக்தியில் பாதியையாவது, அது தினமும் எப்படி நடக்கிறது என்பதில் செலவழித்திருக்கலாம்.

தினமும் எப்படி நடக்கிறது? ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார், ஈடுபடும் ஆண் 88 நிமிடம். ‘ஈடுபடும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 2019 கணக்கெடுப்பில் அத்தகைய ஆண்கள் மொத்த ஆண்களில் 26 விழுக்காடு. பெண்களில் 81 விழுக்காடு. மீதி ஆண்கள் அந்த வேலைகளின் பக்கம் அன்று போகவே இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து, டிபன் பாக்ஸ் கட்டி, பள்ளி வேனுக்குப் பிள்ளையை அனுப்பி, வேலைக்குப் போய்த் திரும்பி, இரவுச் சமையல் முடித்து, பத்தரை மணிக்கு அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு வரும் பெண்ணிடம் வேட்கையை எதிர்பார்ப்பவர் எதை எதிர்பார்க்கிறார்? பல பத்திரிகைகளின் ஆலோசனைப் பகுதிகள் அவளிடமே திரும்பி, புதுச் சேலை கட்டிக்கொள், பூ வைத்துக்கொள், சிரித்த முகமாக இரு என்கின்றன. இருக்கும் வேலைகளோடு கவர்ச்சியாக இருப்பதும் அவளுடைய வேலையாகிவிடுகிறது. இந்த அறிவுரைகள் மேல் எனக்குள்ள கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

வீட்டு வேலைக்கும் படுக்கையறைக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்களும் விவாதித்திருக்கிறார்கள். 2013இல் அமெரிக்கச் சமூகவியல் இதழில் வந்த ஒரு கட்டுரை, ‘பெண்களுக்குரியவை’ எனப்படும் வேலைகளைக் கணவர்கள் அதிகம் செய்த வீடுகளில் உடலுறவு குறைவு என்றது. அன்று பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. ஆனால் அதன் தரவுகள் 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. டேனியல் கார்ல்சன் குழுவினர் 2006ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு மறுபடி ஆராய்ந்து 2016இல் வெளியிட்டபோது படம் மாறியிருந்தது: வேலையைப் பகிர்ந்துகொண்ட தம்பதியரிடம் குறைவு எதுவும் காணப்படவில்லை. கார்ல்சன் 2018இல் ஒவ்வொரு வேலையாகப் பிரித்துப் பார்த்தார். பெண்களின் உறவு நிறைவோடு மிக நெருக்கமாகத் தொடர்புகொண்டிருந்தது பாத்திரம் துலக்குவதைப் பகிர்ந்துகொள்வது. துணி துவைப்பதையோ கடைக்குப் போவதையோ விட அதுவே முன்னே நின்றது. எச்சில் பாத்திரத்தில் கை வைக்கக் கணவன் தயங்கும் வீட்டில், அந்தத் தயக்கத்தின் பொருள் மனைவிக்குத் தெரியாமல் இருப்பதில்லை.

நேரத்தோடு இடமும் வேண்டும். இரண்டு அறை வீட்டில் பிள்ளைகளும் மாமனார் மாமியாரும் சேர்ந்து படுத்திருக்கும்போது, தம்பதியர் கதவு சாத்திக்கொண்டு பேசுவதே பெரிய காரியமாகிவிடுகிறது. எத்தனை முறை கூடினால் மகிழ்ச்சி என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு மியூஸ் 2016இல் ஒரு விடை தந்திருக்கிறார். 30,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவுகளில், வாரம் ஒரு முறை வரை மகிழ்ச்சி கூடுகிறது. அதற்கு மேல் எண்ணிக்கை ஏறினாலும் மகிழ்ச்சி ஏறுவதில்லை. அந்த ஒரு முறைக்கு அவசரமில்லாத ஒரு பொழுதை ஒதுக்கித் தருவது கூட்டுக் குடும்பத்துப் பெரியவர்களின் கையிலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளைக் கோயிலுக்கோ கடற்கரைக்கோ அழைத்துப்போகும் தாத்தா பாட்டி, தங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் பெரிய உதவி செய்கிறார்கள்.

சண்டையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. ஆசையோடு வாழ்பவர்களும் சண்டை போடுகிறார்கள். ஏலி ஃபிங்கலும் குழுவினரும் சிகாகோ பகுதியில் 120 தம்பதியரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முதலாண்டில் எல்லாருக்குமே உறவின் தரம் சிறுகச் சிறுகக் குறைந்தது. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேருக்கு மட்டும் ஒரு பயிற்சி தந்தார்கள். உங்களுக்குள் அண்மையில் நடந்த சச்சரவை, இருவரின் நலத்தையும் விரும்பும் மூன்றாம் மனிதர் ஒருவர் பார்த்தால் எப்படி விவரிப்பார் என்று ஏழு நிமிடம் எழுத வேண்டும். ஆண்டில் மூன்று முறை. மொத்தம் 21 நிமிடம். அவர்களிடம் சரிவு நின்றுவிட்டது. மற்றவர்களிடம் தொடர்ந்தது. நம்பிக்கை, நெருக்கம் ஆகியவற்றோடு வேட்கையும் காப்பாற்றப்பட்டதை 2013இல் அவர்கள் பதிவுசெய்தார்கள்.

தொல்காப்பியக் கற்பியல் இதே தேவைக்குப் பன்னிரண்டு வாயில்களைச் சொல்கிறது. தோழி, தாய், பாணன், விருந்தினர், இளையர், கண்டோர் என ஊடிய இருவருக்கிடையே நின்று பேசுபவர்கள். இருவர் மட்டும் எதிரெதிரே நின்றால் தீராத சினம், இருவரையும் நேசிக்கும் மூன்றாமவர் வந்தால் தணியும் என்று அந்த மரபு அறிந்திருந்தது. திருக்குறள் தன் கடைசி மூன்று அதிகாரங்களைப் புலவிக்கும் ஊடலுக்கும் கொடுத்து, ஊடலுவகையோடு நூலையே முடிக்கிறது. எனக்கு இது பெருமைதான். ஆனால் மருதத்திணையின் வாயில்கள் பலவும் பரத்தையிடம் போய்வந்த கணவனை ஏற்கும்படி மனைவியிடம் மன்றாட வந்தவை. மன்னிக்கும் சுமையை அந்த மரபும் ஒரு பக்கத்திலேயே வைத்தது. மூன்றாம் கண் வேண்டும் என்பதை அங்கிருந்து எடுத்துக்கொள்வோம். யார் எப்போதும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை விட்டுவிடுவோம்.

இவ்வளவும் அச்சமில்லாத வீடுகளுக்குப் பொருந்தும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். அடி விழும் வீட்டில் காதலை மீட்பது பற்றி யாரும் அந்தப் பெண்ணுக்கு அறிவுரை சொல்லக்கூடாது. அங்கே முதலில் தேவை பாதுகாப்பும் சட்டத்தின் துணையும். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கத் தம்பதியரிடம் நடந்தவை என்பதையும் மறக்கக்கூடாது. கூட்டுக் குடும்பமும் சாதியும் சீர்வரிசையும் நெருக்கும் நம் மணவாழ்வை இதே பொறுமையோடு ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகளை நம் பல்கலைக்கழகங்கள் தொடங்க வேண்டும். உளவியல், சமூகவியல் துறைகளுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை அதிகம் இல்லை.

அதுவரை காத்திருக்க வேண்டாத ஒன்று உண்டு. இதை வாசிக்கும் கணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, பாத்திரங்களை நீங்கள் துலக்குங்கள். உதவியாக நினைத்து ஒருநாள் செய்ய வேண்டாம். உங்கள் வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் வந்து நின்று அன்று நடந்ததைச் சொல்லத் தொடங்கினால், குழாயை மூடிவிட்டுக் கேளுங்கள்.